எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

சமுதாய வானொலி திடீரென்று நின்றுபோனால் கை முதலில் ஸ்க்ரூடிரைவரைத்தான் தேடும். காவிரிப் படுகையில் அந்தக் கையைக் கொஞ்சம் அடக்கி வைப்பது நல்லது. இங்கே பழுது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கும்: கோபுர உச்சிக் கனெக்டரில், கேபிளுக்குள் இறங்கிய மழைத் தண்ணீரில், வெடித்துக் கிடக்கும் எர்த்துக் குழியில், ஏறி இறங்கும் கரண்டில். பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரைக் குறைத்துக்கொண்டு நிற்கும். அதைப் புரிந்துகொள்ளாமல் பவர் குமிழைத் திருகினால்தான் உண்மையான செலவு தொடங்கும்.

கீழே வரும் எண்கள் உரிமம் பெற்ற 50 வாட் சமுதாய வானொலிக்கு, 90.4 மெகாஹெர்ட்சில். நம் நாட்டு விதிப்படி இந்த நிலையங்களுக்கு ஈ.ஆர்.பி. (ஆன்டெனாவிலிருந்து வெளியே போகும் பயனுறு பவர்) 100 வாட், ஆன்டெனா உயரம் தரையிலிருந்து 30 மீட்டர் என்பது பொதுவான வரம்பு. வேறு அலைவெண் என்றால் நீளமும் அலைவெண்ணும் வரும் கணக்குகள் மட்டும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

பெட்டிக்குள் என்ன வரிசை

மிக்சரிலிருந்து வரும் ஒலி முதலில் லிமிட்டரில் அளவு கட்டுப்படும். அடுத்தது ப்ரீ-எம்ஃபசிஸ்: கீச்சு ஒலிகளை வேண்டுமென்றே தூக்கிவிடும் சுற்று, இந்தியாவில் 50 மைக்ரோ செகண்ட். ஸ்டீரியோ என்றால் அதை ரேடியோவுக்கு அறிவிக்கும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் தொனியும் இங்கே சேரும். இந்தக் கலவை வி.சி.ஓ.வுக்கு (மின்னழுத்தத்துக்கேற்ப அலைவெண் மாறும் ஊசலாட்டச் சுற்று) போய், அங்கிருக்கும் வாரக்டர் டயோடின் கொள்திறனை அசைக்கிறது. அலைவெண் 90.4-க்கு இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஊசலாடுகிறது. எஃப்.எம். என்பது இந்த ஊசலாட்டம்தான். நடுப்புள்ளி நகராமல் பிடித்து வைப்பது, கிரிஸ்டலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும் பி.எல்.எல். சுற்று.

வி.சி.ஓ. தருவது சில மில்லிவாட். பஃபரும் டிரைவரும் அதைச் சில வாட்டாக ஏற்ற, ஃபைனல் எனப்படும் கடைசிக் கட்ட மாஸ்ஃபெட் (பவர் டிரான்சிஸ்டர்) 50 வாட் ஆக்கும். அடுத்து வரும் லோ-பாஸ் ஃபில்டர் 180.8, 271.2 மெகாஹெர்ட்சில் கிளம்பும் ஹார்மோனிக்குகளை (நம் அலைவெண்ணின் மடங்குகள்) வெட்டும். கடைசியில் டைரக்ஷனல் கப்ளர். முன்னே போகும் பவரையும் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவரையும் தனித்தனியே அளந்து, மீட்டருக்கும் பாதுகாப்புச் சுற்றுக்கும் சொல்வது அதன் வேலை. கீழே பாதிப் பழுதுகளை இந்தக் கப்ளர் சொல்வதை வைத்தே பிடித்துவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை: 50 ஓம், 100 வாட் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக்கிவிடும் மின்தடை), நல்ல நிலையில் உள்ளது என்று உறுதியான ஒரு மீட்டர் நீள ஜம்பர் கேபிள், மல்டிமீட்டர், முடிந்தால் தனியாக ஒரு வாட்மீட்டர். பேர்டு 43 என்ற வாட்மீட்டர் வைத்திருந்தால் அதில் போட வேண்டியது 50 முதல் 125 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் ‘பி’ எலிமெண்ட். ‘சி’ எலிமெண்ட் 100-க்கு மேல்தான் சரியாகக் காட்டும். கேபிளையும் ஆன்டெனாவையும் அளக்கும் சிறு கருவியான நானோ வி.என்.ஏ. ஒன்று இருந்தால் பாதி வேலை மிச்சம்.

லோடு இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை ஒரு நொடிகூட ஆன் செய்யக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். (பெட்டியின் பவர் சப்ளை) உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து, மீட்டரால் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

பவர் குறைந்துவிட்டது, ரிஃப்ளெக்டட் (திரும்பி வரும் பவர்) ஏறியிருக்கிறது

அடிக்கடி வருவது இதுதான். 50 போக வேண்டிய இடத்தில் 15 அல்லது 20 வாட் காட்டும், எச்சரிக்கை விளக்கு எரியும். கணக்கு எளிது: 50 வாட் போய் 2 வாட் திரும்பினால் எஸ்.டபிள்யூ.ஆர். (பவர் திரும்புவதைக் காட்டும் விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.5, கவலையில்லை. ஐந்தரை வாட் திரும்பினால் 2. இங்கிருந்து பெட்டி பவரைக் குறைக்கத் தொடங்கும். 12.5 வாட் திரும்பினால் 3. பெரும்பாலான பெட்டிகள் அதற்கு முன்பே அணைந்துவிடும். எந்த அளவில் குறைக்கும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும், கையேட்டில் இருக்கும்.

டிரான்ஸ்மிட்டரை அணைத்து, பின்னால் இருக்கும் ஆன்டெனா கேபிளைக் கழற்றி, ஜம்பர் வழியாக டம்மி லோடைப் போடுங்கள். 10 வாட்டில் தொடங்கி 50-க்கு ஏற்றுங்கள். ரிஃப்ளெக்டட் கிட்டத்தட்ட பூஜ்யமாகி பவர் 50-இல் ஐந்து நிமிடம் நின்றால் பெட்டி குற்றமற்றது. மூடியைத் தொடாதீர்கள், கோபுரத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

மேலே ஏறுபவர் முதலில் பார்க்க வேண்டியது ஆன்டெனாவோடு கேபிள் சேரும் என்-கனெக்டர். டேப்பை அறுத்துக் கழற்றியதும் நடு ஊசியில் பச்சைக் களிம்பும் நூல் மரையில் வெள்ளை உப்புப் பொடியும் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. வேதாரண்யம், கோடியக்கரை, நாகை பக்கம் கடல் காற்று இதை ஓரிரு வருடத்திலேயே செய்துவிடும். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் உப்பு குறைவு, ஐப்பசி மழை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். கனெக்டரை மட்டும் மாற்றிவிட்டு இறங்கிவிடக் கூடாது. கேபிளின் மேல் உறையை ஒரு விரல் நீளம் உரித்து உள்ளே இருக்கும் பின்னல் செம்பைப் பாருங்கள். புதுக் குடம் போலப் பளபளத்தால் சரி. கருத்துப்போய், விரலில் தேய்த்தால் பொடி ஒட்டினால் தண்ணீர் உள்ளே நடந்திருக்கிறது. பளபளப்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். அரை மீட்டர் வெட்டியும் கருப்பு போகவில்லை என்றால் மொத்தக் கேபிளையும் மாற்றுவதே வழி. பின்னல் செம்பு விளக்குத் திரி மாதிரி. தண்ணீரை உறிஞ்சிக் கீழே கொண்டுபோய்க்கொண்டே இருக்கும்.

புதுக் கனெக்டருக்கு டேப் சுற்றுவதிலும் முறை உண்டு. முதலில் ஒரு சுற்று பி.வி.சி. டேப், நாளைக்குக் கழற்ற வசதியாக. அதன் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்து, பாதி அகலம் மெலியும் அளவுக்கு முறுக்கிச் சுற்ற வேண்டும். கடைசிச் சுற்று பி.வி.சி.யில், கீழிருந்து மேலாக. கூரைக்குக் கீற்று வேய்வது எப்படியோ அப்படி: மேல் வரிசை கீழ் வரிசையை மூடியிருந்தால் தண்ணீர் வழிந்து ஓடும், தலைகீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அறைக்குள் நுழையும் இடத்தில் கேபிள் ஓட்டைக்குக் கீழே ஒரு முழம் தொங்கி வளைந்து மேலேறி நுழைய வேண்டும். இல்லையென்றால் மழை கேபிளைப் பிடித்துக்கொண்டே நேராக டிரான்ஸ்மிட்டர் முதுகுக்கு வந்து சேரும்.

கனெக்டர் சுத்தமாக இருந்தால் ஆன்டெனா கம்பிகளைப் பாருங்கள். 90.4-க்கு அரை அலை டைபோல் முனைக்கு முனை ஏறக்குறைய 1.58 மீட்டர், ஒரு கை 79 சென்டிமீட்டர். தென்னை மட்டை விழுந்து ஒரு கை வளைந்திருக்கலாம். காக்கை கூடு கட்டுவதற்குக் கம்பித் துண்டுகளைக் கொண்டுவந்து ஃபீட் பாயிண்டில் (கேபிள் சேரும் இடம்) குறுக்கே போட்டிருக்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது போன்ற காற்று அடித்த பிறகு, கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் பிடி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கீழே நின்று மல்டிமீட்டரில் கேபிளின் நடுக் கம்பிக்கும் உறைக்கும் கண்டின்யூட்டி பார்த்து ‘ஷார்ட்’ என்று முடிவு கட்டாதீர்கள். மடிப்பு டைபோல், காமா மேட்ச் போன்ற ஆன்டெனா அமைப்புகள் டி.சி.க்கு ஷார்ட் காட்டும்படியே செய்யப்பட்டவை. உங்கள் ஆன்டெனா எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் அந்த அளவுக்குப் பொருள் உண்டு.

மீட்டர் எல்லாம் நல்லதாகக் காட்டுகிறது, பக்கத்து ஊரில் கேட்கவில்லை

ஆளை ஏமாற்றும் பழுது இது. ஃபார்வர்டு 50, ரிஃப்ளெக்டட் அரை வாட். போன வருடத்தை விட நன்றாகவே இருக்கிறது. ஆனால் 10 கிலோமீட்டரில் கேட்டது இப்போது நான்கிலேயே இரைகிறது.

தண்ணீர் ஊறிய கேபிள் பவரைத் தின்கிறது. போகும்போது பாதியைத் தின்று, ஆன்டெனாவிலிருந்து திரும்புவதையும் வழியிலேயே தின்றுவிடுகிறது. கீழே இருக்கும் கப்ளருக்குத் திரும்பி வருவது எதுவும் தெரியாது, ஆகவே எஸ்.டபிள்யூ.ஆர். அருமை என்று சொல்லும். மீட்டர் பொய் சொல்லவில்லை, அதன் கண்ணுக்குக் கேபிளின் கீழ் முனை மட்டுமே தெரிகிறது. காரணமில்லாமல் ரிஃப்ளெக்டட் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

நல்ல கேபிளே எவ்வளவு தின்னும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஜி. 213 கேபிள் இந்த அலைவெண்ணில் 100 மீட்டருக்குச் சுமார் 6.5 டெசிபெல். 40 மீட்டர் போட்டால் 2.6 டெசிபெல், 50 வாட்டில் மேலே போய்ச் சேர்வது 27 வாட் சொச்சம். அரை அங்குல ஃபோம் ஹீலியாக்ஸ் (இழப்பு குறைந்த கேபிள் வகை) 100 மீட்டருக்கு 2 டெசிபெல் அளவுதான், அதே 40 மீட்டரில் 41 வாட் ஆன்டெனாவுக்குப் போகும். விலை வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் பெரிய டிரான்ஸ்மிட்டருக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இந்தக் கேபிள்.

சோதிக்கும் முறை: டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, மேலே ஆன்டெனாவைக் கழற்றிக் கேபிள் முனையை வெறுமையாக விடுங்கள். கீழ் முனையில் நானோ வி.என்.ஏ. வைத்து ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் அலை எத்தனை டெசிபெல் குறைந்திருக்கிறது) பாருங்கள். அலை மேலே போய் முட்டித் திரும்பி வருவதால், காட்டும் எண்ணில் பாதிதான் கேபிளின் ஒரு வழி இழப்பு. 40 மீட்டர் ஆர்.ஜி. 213-க்கு 5 டெசிபெல் சுற்றிக் காட்டினால் கேபிள் நலம். 14 காட்டினால் ஒரு வழியில் 7 டெசிபெல், அதாவது 50 வாட்டில் 10 வாட்தான் மேலே போகிறது. வி.என்.ஏ. இல்லாவிட்டால் டம்மி லோடையும் வாட்மீட்டரையும் மேலே கட்டி, கேபிள் முனையில் எத்தனை வாட் வருகிறது என்று நேரடியாக அளக்கலாம்.

விளக்கு எரிகிறது, பவர் பூஜ்யம்

முன்பக்கம் ‘லாக்’ விளக்கைப் பாருங்கள். பி.எல்.எல். பூட்டிக்கொள்ளாவிட்டால் பெட்டி பவரை வெளியே விடாது. விட்டால் 90.4-இல் இருக்க வேண்டியது பட்டை முழுதும் அலைந்து, 108-க்கு மேலே விமானப் பேச்சு வரை போய்த் தொல்லை தரும். ஆகவே மியூட் ஆவது நல்ல குணம். அதை ஜம்பர் போட்டு ஏமாற்றி ஓட்டாதீர்கள்.

லாக் விளக்கு அணைந்தோ மினுக்கிக்கொண்டோ இருந்தால் வி.சி.ஓ.வுக்குப் போகும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பல போர்டுகளில் இதற்கென்றே டெஸ்ட் பாயிண்ட் இருக்கும். எடுத்துக்காட்டாக 9 வோல்ட்டில் ஓடும் சுற்றில் இது 3 முதல் 6 வரை அசையாமல் நிற்பது ஆரோக்கியம். 9-ஐ ஒட்டியோ பூஜ்யத்தை ஒட்டியோ முட்டிக்கொண்டு நின்றால், பி.எல்.எல். தன்னால் ஆன மட்டும் இழுத்தும் வி.சி.ஓ. எட்டாத இடத்தில் இருக்கிறது என்று பொருள். வி.சி.ஓ. சுருளுக்குப் பக்கத்து டிரிம்மரில் அழுக்கு, ஈரம் படிந்து விலகியிருக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் மினுக்கி, தை வெயிலில் தானாகச் சரியானால் ஈரம்தான். ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவைத்து, டிரிம்மரை உலோகமில்லாத திருப்புளியால் மெல்லத் திருப்பி மின்னழுத்தத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரும்புத் திருப்புளியை எடுத்தவுடன் சரி செய்தது விலகிவிடும்.

மின்னழுத்தம் முனையில் முட்டாமல் அலைபாய்ந்தால் ரெஃபரன்ஸ் கிரிஸ்டலைச் சந்தேகிக்கலாம். ஃபிரீக்வென்சி கவுண்டர் ஒன்றை டம்மி லோடுப் பக்கம் வைத்துப் பார்த்தால், அனுப்பும் அலைவெண் 90.4-இலிருந்து 2 கிலோஹெர்ட்சுக்குள் நிற்க வேண்டும்.

இதே சுற்றில் இன்னொரு பழுது மறைந்திருக்கும். லாக் ஆகிறது, பவர் வருகிறது, ஆனால் தவில் சத்தம் தகரத்தைத் தட்டியது போலச் சோகையாக இருக்கிறது. மிக்சரில் பாஸ் எவ்வளவு ஏற்றினாலும் வரவில்லை. பி.எல்.எல்.லின் கண்ணுக்கு நம் ஒலியும் அலைவெண் பிழைதான். அது வேகமாகத் திருத்தினால் பாட்டையும் சேர்த்துத் திருத்திவிடும். அதனால்தான் லூப் ஃபில்டரில் பெரிய கெப்பாசிட்டர் போட்டு, சில ஹெர்ட்ஸ் வேகத்துக்கு மேல் போகாதபடி அதை மந்தமாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கெப்பாசிட்டர் காய்ந்து மதிப்பு குறைந்தால் லூப் சுறுசுறுப்பாகி, தாழ்ந்த சுருதிகளைத் தின்றுவிடும். போர்டில் எழுதியிருக்கும் அதே மதிப்பில் புதியது போடுங்கள். டான்டலம் அல்லது ஃபிலிம் வகை நல்லது. மலிவான எலக்ட்ரோலிட்டிக் கசிந்து மறுபடி அலைபாயும்.

லாக் இருக்கிறது, பவர் இல்லை

ஃபைனலின் டிரெயின் கரண்டைப் பாருங்கள். 60 சதவீதத் திறனில் 50 வாட் தர, உள்ளே 83 வாட் அளவு போக வேண்டும்: 28 வோல்ட் பெட்டியில் 3 ஆம்பியர், 48 வோல்ட் பெட்டியில் 1.7 ஆம்பியர். கரண்ட் பூஜ்யம் என்றால் சப்ளை, பியூஸ், பயாஸ் (மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குத் தரும் நிலை மின்னழுத்தம்) இவற்றைப் பாருங்கள். வழக்கமான கரண்ட் ஓடியும் பவர் வெளியே வரவில்லை என்றால் ஃபைனலுக்குப் பிறகு, லோ-பாஸ் ஃபில்டரில் ஏதோ வெந்திருக்கிறது. கருகிய மைக்கா கெப்பாசிட்டரோ பற்று விட்ட சுருளோ கண்ணுக்கே தெரியும். பியூஸ் போட்டவுடன் போனால் மாஸ்ஃபெட் ஷார்ட்.

மாஸ்ஃபெட் மாற்றும்போது மறக்கக் கூடாதது ஒன்று: பயாஸ் டிரிம்மரை முதலில் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். பழைய பீஸுக்கு வைத்த பயாஸ் புதியதற்குப் பொருந்தாது. ஆன் செய்த நொடியில் புதியதும் போகும். டம்மி லோடில், டிரைவ் இல்லாமல், கையேட்டில் சொன்ன நிற்கும் கரண்டுக்கு மெல்ல ஏற்ற வேண்டும். அடியில் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதியதை முகப்பவுடர் போல மெல்லியதாகப் பூசினால் போதும். தடிமனாகப் பூசினால் சூடு இறங்காது.

இடி விழுந்த மறுநாள் ஃபைனல் போயிருந்தால், மாற்றுவதோடு எர்த்தையும் பாருங்கள். டெல்டா களிமண் மழைக்காலத்தில் அருமையான எர்த்து. சித்திரை, வைகாசியில் அதே மண் பாளம் பாளமாக வெடித்து எர்த்து ராடை விட்டு விலகி நிற்கும். கோடை இடி வருவதும் அப்போதுதான். எர்த்து டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். குழியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கோபுர எர்த்து, கேபிள் உறையின் எர்த்து, கட்டட எர்த்து மூன்றையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்துவிடுங்கள். தனித்தனியே விட்டால் இடியின்போது அவற்றுக்கிடையே எழும் வோல்ட்டேஜ் டிரான்ஸ்மிட்டர் வழியாகத்தான் பாயும்.

மதியத்தில் அணைகிறது, மாலையில் தானாக ஓடுகிறது

சூடு. குறுவை, சம்பா அறுவடைக் காலத்தில் இது கூடும். அறுவடை இயந்திரம் கிளப்பும் பதரும் நெல் சுணையும் ஃபேன் ஃபில்டரில் கம்பளி போலப் படியும். அந்த வாரங்களில் தினம் தட்டி, மற்ற நாளில் மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்தால் போதும். காற்று வெளியேறும் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆவதும் உண்டு. துளைகளுக்குக் கொசுவலை போட்டால் பல்லி வராது, ஆனால் தூசி இரட்டிப்பாகப் படியும், அதையும் தட்ட வேண்டும்.

நேரம் பார்த்தும் துப்பு கிடைக்கும். மும்முனை மின்சாரம் வந்து சுற்று வட்டாரப் பம்ப்செட் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும் வேளையில் அணைந்தால், சூட்டை விட்டு வோல்ட்டேஜைப் பாருங்கள். 170-க்கு இறங்கினால் பல சப்ளைகள் கைவிடும். சர்வோ ஸ்டெபிலைசரும் ஆன்லைன் யு.பி.எஸ்.ஸும் இதற்கு மருந்து. விளக்குகள் சில மங்கி, சில பிரகாசமானால் நியூட்ரல் கழன்றிருக்கிறது. உடனே மெயினை அணைத்து மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

உறுமல், இரைச்சல், கரகரப்பு

மிக்சர் கேபிளை டிரான்ஸ்மிட்டர் பக்கம் பிடுங்குங்கள். உறுமல் நின்றால் எர்த்து லூப். மிக்சரும் டிரான்ஸ்மிட்டரும் வேறு வேறு பிளக்கில் எர்த்து எடுப்பதால் வருவது. இரண்டையும் ஒரே பலகைக்குக் கொண்டுவந்தும் நிற்காவிட்டால் நடுவில் 600 ஓம் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். உறுமலுக்குப் பயந்து பிளக்கின் எர்த்துப் பின்னை வெட்டுவது உயிருக்கு உலை. பிடுங்கியும் உறுமினால் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது.

‘ச’, ‘ஸ’ வரும்போதெல்லாம் சீறினால் ப்ரீ-எம்ஃபசிஸ் இரண்டு தடவை ஏறுகிறது: ஆடியோ ப்ராசஸரில் ஒன்று, டிரான்ஸ்மிட்டரில் ஒன்று. 50 மைக்ரோ செகண்ட் ஒரு முறையே 15 கிலோஹெர்ட்சை 13.7 டெசிபெல் தூக்கும், இருமுறை தூக்கினால் எந்த ரேடியோவும் தாங்காது. ஒன்றை அணையுங்கள். உரத்த இடத்தில் மட்டும் உடைந்தால் டீவியேஷன் (அலைவெண் ஊசலாடும் அளவு) 75 கிலோஹெர்ட்சைத் தாண்டுகிறது. லிமிட்டருக்குப் போகும் அளவைக் குறையுங்கள். அதிக சத்தம் அதிக தூரம் போகும் என்று மிக்சரை ஏற்றுவது பலன் தராது. தூரம்தான் வேண்டுமென்றால் ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் விடுங்கள். ஓரத்து ஊர்களில் இரைச்சல் அடங்குவதைக் கேட்டவுடன் உணரலாம். பேச்சு நிகழ்ச்சிகளே அதிகமுள்ள நிலையத்துக்கு ஸ்டீரியோவால் ஆதாயமும் இல்லை.

விடியற்காலையில் நம் இடத்தில் வேறு நிலையம் கேட்கிறது

கடலோர ஊர்களிலிருந்து இந்தப் புகார் வரும். அமைதியான, வெக்கையான இரவுகளில் கடலுக்கு மேல் வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காக நின்று, எஃப்.எம். அலையைக் குழாயில் போவது போலத் தொலைவுக்குக் கடத்தும். கோடியக்கரை பக்கம் இலங்கை நிலையம் நம் நிலையத்தை முழுதாக விழுங்கிவிடும். இரண்டில் வலுவானதை மட்டும் பிடிப்பது எஃப்.எம். ரேடியோவின் இயல்பு. புகார் சொன்னவரிடம் அதே நேரத்தில் காரைக்கால் வானொலி 100.3 எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு மேலும் ஏதோ ஏறினால் காற்றின் வேலை, வெயில் ஏறியதும் போய்விடும்.

பக்கத்து வீட்டு ரேடியோவில் மூன்று இடத்தில் நம் நிலையம் கேட்டால் அது வேறு. டிரான்ஸ்மிட்டருக்கு மிக அருகில் மலிவான ரேடியோ திணறுவது சகஜம்; இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போயும் இப்படிப் பல இடத்தில் வந்தால் ஃபைனல் தானாக ஊசலாடுகிறது, அல்லது லோ-பாஸ் ஃபில்டர் போய்விட்டது. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்க்கும்வரை ஒலிபரப்பை நிறுத்தி வையுங்கள். டம்மி லோடில் சுத்தமாக இருந்து ஆன்டெனாவில் மட்டும் அழுக்காகத் தெரிந்தால், கோபுரத்தில் துருப்பிடித்த இணைப்புகளைத் தேடுங்கள். துருவுக்கு நடுவில் உரசும் இரண்டு இரும்பு, டயோடு மாதிரி வேலை செய்து தானே ஹார்மோனிக் கிளப்பும். இழுகம்பி முடிச்சு, ஏணிப் படி, ஆன்டெனா பிடி என்று ஒவ்வொன்றாகக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு முடுக்கி, ஜிங்க் பெயின்ட் அடியுங்கள்.